வேலையை மாற்றுவதா, நாட்டை மாற்றுவதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 36. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, ஓசூரில் கார் உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலையில் 12 ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இந்த வேலை அலுத்துவிட்டது. ராஜினாமா செய்துவிட்டு, ஆறு மாதம் டேட்டா சயின்ஸ் படித்து, அந்தத் துறையில் ஜெர்மனியில் வேலை தேடலாம் என்று எண்ணுகிறேன். அங்கே போவதற்கு 'வாய்ப்பு அட்டை' வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். இது சரிவருமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் தொழிலையும் நாட்டையும் ஒரே மூச்சில் மாற்றப் பார்க்கிறீர்கள். உள்ளூரில் தொழில் மாறும்போது, நம்மை அறிந்த ஒருவர் 'ஆள் கெட்டிக்காரர், சீக்கிரம் கற்றுக்கொள்வார்' என்று சொல்லிச் சேர்த்துவிட முடியும். அயல்நாட்டு விசா அலுவலருக்கோ, அங்குள்ள முதலாளிக்கோ நம்மைப் பற்றிக் காகிதத்தில் இருப்பது மட்டுமே தெரியும். அந்தக் காகிதமும் நாம் இதுவரை செய்த வேலையைத்தான் சொல்லுமே தவிர, இனிமேல் செய்ய ஆசைப்படுவதைச் சொல்லாது.

நீங்கள் குறிப்பிடும் வாய்ப்பு அட்டையையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள இந்த அட்டையைப் பெற்றவர், ஓராண்டு வரை ஜெர்மனியில் தங்கி வேலை தேடலாம். அதுவரை வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். உங்கள் பட்டம் அங்குள்ள பட்டத்துக்கு முழுமையாக இணையானது என்று ஏற்கப்பட்டால் புள்ளிக் கணக்கே தேவையில்லை. இல்லையென்றால் 6 புள்ளிகள் வேண்டும். உங்கள் வயதுக்கு 1 புள்ளி கிடைக்கும். படித்த படிப்பைச் சார்ந்த வேலையில் கடந்த 7 ஆண்டுகளுக்குள் 5 ஆண்டு அனுபவம் இருப்பதற்கு 3 புள்ளிகள். ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலையை எட்டினால் 2 புள்ளிகள். ஆக மொத்தம் ஆறு வந்துவிடுகிறது. அந்த ஆறில் பாதி, அலுத்துவிட்டது என்று நீங்கள் சொல்கிற தொழிற்சாலை கொடுத்தது. கணக்கில் எடுப்பது கடந்த 7 ஆண்டுகளை மட்டுமே என்பதால், வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் அந்த மூன்று புள்ளிகளும் நாளாக நாளாகக் கரையத் தொடங்கும்.

டேட்டா சயின்ஸ் வழியாகப் போகலாமே என்று கேட்பீர்கள். பட்டம் இல்லாத கணினித் துறையினருக்கும்கூட ஜெர்மனி 'ப்ளூ கார்டு' என்ற வேலை அனுமதியைத் தருகிறது என்பது உண்மைதான். ஆனால், கடந்த 7 ஆண்டுகளுக்குள் அதே துறையில் 3 ஆண்டு அனுபவத்தைக் கேட்கிறார்கள். ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழ் அந்த இடத்தை நிரப்பாது. 36 வயதில், புதிய துறையில், புதிய நாட்டில், அங்கேயே படித்து முடித்த 24 வயது இளைஞருடன் போட்டியிட வேண்டியிருக்கும். அந்தப் போட்டியில் உங்கள் 12 ஆண்டுகளுக்கு மதிப்பே இராது.

ஆகவே, நாட்டை முதலில் மாற்ற விரும்பினால் தொழிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்; தொழிலை முதலில் மாற்ற விரும்பினால் ஓசூரிலேயே மாற்றுங்கள். இரண்டாவது வழி உங்களுக்கு எளிது என்பது என் கருத்து. அளவீட்டுப் பதிவுகள், நிராகரித்த பாகங்களின் கணக்கு, வாடிக்கையாளர் புகாருக்கு எழுதும் எட்டு டி அறிக்கைகள் என்று உங்கள் பிரிவில் தரவு மலைபோல் கிடக்கும். அதைப் பைத்தான் என்ற கணினி மொழியில் அலசி, எந்த இயந்திரத்தில் எந்த ஷிப்டில் பிசகு அதிகம் என்று மேலதிகாரிக்குக் காட்டும் பொறுப்பை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள். ஓரிரு ஆண்டுகளில் உங்கள் பதவிப் பெயரே மாறக்கூடும். அப்போது டேட்டா சயின்ஸ் என்பது உங்கள் அனுபவமாகவே காகிதத்தில் ஏறியிருக்கும். கூடவே, ஜெர்மன் கார் நிறுவனங்கள் உதிரிபாகம் வழங்குவோரைச் சோதிக்கப் பயன்படுத்தும் வி.டி.ஏ. 6.3 தணிக்கை முறையையும் கற்றுக்கொண்டால், அங்குள்ள மேலாளருக்கு உங்கள் விண்ணப்பம் தெரிந்த மொழியில் பேசும்.

கார் துறையை மட்டுமே நம்பிப் போவதும் நல்லதன்று. 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் நிறுவனமும் தொழிற்சங்கமும் 2024 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டன. மருத்துவக் கருவித் தயாரிப்பிலும் தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் தேவை, அத்துறைக்குரிய ஐ.எஸ்.ஓ. 13485 தரநிலையைப் படித்து வைப்பது வீண்போகாது.

இனி, பலரும் கோட்டைவிடும் ஒரு சிறு விஷயம். நம் நிறுவனங்கள் தரும் அனுபவச் சான்றிதழ் பெரும்பாலும் நான்கு வரிதான்: இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியாற்றினார், நடத்தை திருப்திகரம், வாழ்த்துகள். ஜெர்மனியில் அதைப் படிப்பவருக்கு அது வெற்றுத் தாள். அங்கே பணிச் சான்று என்றால், என்ன பொறுப்பு, எத்தனை பேரை வழிநடத்தினார், எந்த வேலையை எவ்வளவு தரமாகச் செய்தார் என்று ஒரு பக்கத்துக்காவது இருக்கும். அப்படியொரு வாசகத்தை நீங்களே எழுதி, பணியாளர் பிரிவில் கொடுத்து, நிறுவனத்தின் தாளில் கையெழுத்து வாங்குங்கள். வேலையில் இருக்கும்போது கேட்டால் கிடைப்பது, விலகிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

செலவையும் யோசியுங்கள். ஓராண்டுக்கான வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது மாதத்துக்கு 1,091 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 13 லட்சம் ரூபாய் ஆகிறது. அதை வங்கிக் கணக்கில் கட்டி வைத்தாலும் அது உங்கள் பணம்தான், அங்கே மாதாமாதம் உங்களுக்கே வரும். ஆலோசகருக்குக் கொடுப்பது அப்படித் திரும்பி வராது. அவர் இல்லாமலேயே நீங்கள் விண்ணப்பிக்கலாம். அந்தத் தொகையில் ஜெர்மன் வகுப்பில் சேருங்கள்.

கேள்வி: எம்.காம்., பி.எட். முடித்து, பாளையங்கோட்டையில் தனியார் பள்ளியில் கணக்குப்பதிவியல் கற்பிக்கிறேன். வயது 31. துபாயில் கணக்காளர் வேலை, மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். விசிட் விசாவில் போய், அங்கே வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாமாம். 1,50,000 ரூபாய் கேட்கிறார். ஆசிரியர் பணியை விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள். விசிட் விசாவில் அங்கே வேலை செய்வது சட்டவிரோதம்; மாட்டிக்கொண்டால் தண்டனை உங்களுக்கும் உண்டு. வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் முதலாளிக்குத் தடை விதித்திருக்கிறது. நம் நாட்டு விதிப்படியும், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. உங்களிடம் கேட்பது அதைப்போல் ஐந்து மடங்கு. அவர் பதிவுபெற்றவரா என்பதை அந்த அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல வேலையே வந்தாலும், 4,000 என்ற மொத்தத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. அடிப்படை 1,600 என்று போட்டு மீதியைப் படிகளாகக் காட்டினால் ஆண்டுக்கு 1,120 திர்ஹாம்தான் சேரும்; 2,800 என்று போட்டால் 1,960 சேரும். கணக்குப்பதிவியல் ஆசிரியைக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

உங்களுக்குக் கணக்கு தெரியும், கணக்கு எழுதிய அனுபவம் இல்லை. அமீரகத்தில் 2018 ஜனவரி முதல் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், 2023 ஜூன் முதல் நிறுவன வருமான வரியும் வந்துவிட்டதால், சிறு கடைகளும்கூடக் கணக்காளரைத் தேடுகின்றன. ஆனால் அவை தேடுவது, டேலி கணக்கு மென்பொருளில் கைபழகி, வரிக் கணக்கைத் தாமே தாக்கல் செய்யத் தெரிந்த ஆளை. நெல்லையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஓராண்டு வேலை பார்த்து, ஜி.எஸ்.டி. கணக்குகளை உங்கள் கையால் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பயிற்சிக் கட்டணம் என்று எழுதிக்கொள்ளலாம். அவசரமாகப் போயே ஆக வேண்டுமென்றால், அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் வணிகவியல் ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு துறை மாறுவதும் ஒரு வழி.

கேள்வி: டிப்ளமோ முடித்து, ராமநாதபுரத்தில் செல்போன் கடையில் இருக்கிறேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய், விமான டிக்கெட்டும் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நேர்காணலில் தட்டச்சு வேகத்தை மட்டும் சோதித்தார்கள். போகலாமா?
— ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: போகாதீர்கள். இப்படித்தான் பாங்காக்குக்கு வரவழைத்து, எல்லை கடத்தி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். இதுபற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது; அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். தட்டச்சு வேகத்துக்கு 80,000 ரூபாய் கொடுத்து, கடல் கடந்து ஆள் எடுக்க வேண்டிய அவசியம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட் நகலை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருந்து, மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். வெளிநாட்டு வேலைதான் வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் உங்கள் டிப்ளமோவைப் பதிவுசெய்து வைத்துவிட்டு, அதுவரை கடையில் செல்போன் பழுதுபார்ப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.