வயதான பாட்டியிடமிருந்து குடும்பச் சமையல் குறிப்புகளை எப்படி எழுதி வாங்குவது?

உங்கள் பாட்டி இன்னும் நன்றாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர் பேச்சு எங்கே போனாலும் குறுக்கே பேசாதீர்கள். நான் அப்படிக் குறுக்கே பேசிவிட்டேன்.

எங்கள் அப்பத்தா ரங்கூனில் பிறந்தவர். 1964-இல் அங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தாத்தாவின் மளிகைக் கடையும் போய், கையிருப்பும் போய், கப்பல் ஏறி வந்து வியாசர்பாடியில் குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மொய்ங்காதான். மீனும் வாழைத்தண்டும் சேர்ந்து கொதித்த கெட்டிச் சாறு, அரிசி நூடுல்ஸ், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு வடை. பர்மாவில் கெளுத்தி மீன் போடுவார்கள், நாங்கள் விரால் போடுகிறோம். இது அசல் இல்லை என்று யாராவது சொல்லலாம். எங்கள் வீட்டு அசல் இதுதான்.

2017-இல் ஒருநாள் நோட்டும் போனுமாக அடுப்படியில் உட்கார்ந்தேன். தண்டை வில்லை வில்லையாக நறுக்கி, கூடவே வரும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுத்து, மோர்த் தண்ணீரில் போட்டுக்கொண்டே பேசினார். வறுத்த கடலை மாவு எவ்வளவு என்றால் "பால் டப்பாவுக்கு ஒண்ணு" என்றார். பர்மாவில் அரிசியைக்கூட அந்த டப்பாவில்தான் அளப்பார்கள். "சபாலின் தட்டிப் போடு" என்றார். வாசலில் பெயிண்ட் வாளியில் அவர் வளர்த்த எலுமிச்சைப்புல்தான் அது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். முதியோர் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப்போனபோது பிறப்புச் சான்று கேட்டார்கள். ரங்கூன் என்றதும், "அப்ப நீங்க இந்தியாவே இல்லையா?" என்றார் அங்கிருந்தவர். மூன்று முறை அலையவிட்டார்கள். அங்கே இந்தியர்களை இழிவாகச் சொல்கிற 'கலா' என்று ஒதுக்கினார்கள், இங்கே பர்மாக்காரி. எண்பது வயதை நெருங்கியவரிடம் கேட்கிற கேள்வியா அது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அளவு எழுதி வைப்பது வீண் என்று நான் சொல்லவரவில்லை. அந்த நோட்டைப் பார்த்துச் சமைத்தால் ருசி ஏறக்குறைய வந்துவிடுகிறது. ஆனால் பதிவு மொத்தம் ஒன்பது நிமிடம். எட்டாவது நிமிடத்தில், "இந்த டப்பாவை நம்ம கடையில நின்ன பர்மாப் பையன் ஒருத்தன் கப்பலடிக்கு ஓடியாந்து..." என்று ஆரம்பிக்கிறார். "கதையெல்லாம் அப்புறம் அப்பத்தா, மீன் எவ்வளவுன்னு சொல்லு" என்று என் குரல். "அரைக் கிலோ" என்கிறார். அப்புறம் தாளிக்கிற சத்தம் மட்டும்தான்.

2019-இல் அப்பத்தா போய்விட்டார். அந்தப் பையன் யார் என்று அப்பாவிடம் கேட்டேன், அத்தையிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. டப்பா மட்டும் இன்னும் மாவு டின்னுக்குள் கிடக்கிறது.