41-ஐ அழித்து 45 போடலாமா?

கேள்வி: பள்ளி லேபில் கண்ணாடிப் பாளச் சோதனை செய்தான் என் மகன். படுகோணம் (கண்ணாடியில் விழும் கதிர் செங்குத்துக்கோட்டோடு செய்யும் கோணம்) 45 டிகிரி. விடுகோணம் (மறுபக்கம் வெளிவரும் கதிர் செய்யும் கோணம்) 41 வந்திருக்கிறது. ‘இரண்டும் சமம்தான், அழித்துவிட்டு 45 போடு’ என்றார்களாம். பாளம்தான் மட்டமோ? புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்கட்டுமா? போகும்போது வளைந்த ஒளி வெளியே வந்ததும் பழைய திசைக்கே திரும்பிவிடும் என்றால், இந்தச் சோதனையால்தான் என்ன பிரயோசனம்?
– ஒரு தந்தை, மேலூர்

பதில்: பாளம் வாங்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டாம். விடுகோணம் 4 டிகிரி குறைய வேண்டுமானால் பாளத்தின் எதிரெதிர் முகங்கள் இரண்டு டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும். ஏழரை சென்டிமீட்டர் நீளப் பாளத்தில் அது ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வித்தியாசம். ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும். அவ்வளவு கோணலான பாளத்தை லேபில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

கதிர் போகும் பாதையைக் குறிக்கக் குத்தும் குண்டூசிகளைப் பாருங்கள். வெளிப்பக்கம் குத்திய இரண்டு ஊசிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட்டான் என்று மகனைக் கேளுங்கள். 2 சென்டிமீட்டர் என்றால், ஓர் ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே கோடு 4 டிகிரி திரும்பிவிடும். ஊசி லேசாகச் சாய்ந்திருந்தால் போதும், அந்த ஒன்றரை மில்லிமீட்டர் வந்துவிடும். அதே பிழை, ஊசிகள் 8 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஏறக்குறைய ஒரு டிகிரியில் அடங்கிவிடும். ஆக, 41 என்பது அவன் கண்ணால் பார்த்து, கையால் அளந்து எழுதிய எண். அதை அழிப்பதுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 45-க்கு 45 எடுத்த பையன்கள் எல்லாம் சரியாகச் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சோதனையில் நடக்கும் இரண்டு பெரிய தப்புகளை ‘சமம்’ என்ற விடை காட்டிக்கொடுக்காது.

முதல் தப்பு, ஊசியின் தலையைப் பார்த்து நேர்ப்படுத்துவது. பாளத்தின் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஊசித் தலை அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தலையிலிருந்து வரும் ஒளி கண்ணாடிக்குள் போவதே இல்லை. தலைகளை வரிசைப்படுத்தினால் நான்கு ஊசியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். படுகோணம் 45, விடுகோணம் 45, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு டிக். ஆனால் கண்ணாடிக்குள் கதிர் செய்யும் விலகுகோணமும் 45! கண்ணாடியும் காற்றும் ஒன்றே என்று நிரூபித்ததாக அர்த்தம். கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கி, ஒரு கண்ணை மூடி, கண்ணாடி வழியாகத் தெரியும் ஊசியின் அடியை மட்டும் பார்க்க வேண்டும். ஒரே ஊசி பாளத்தின் மேல்விளிம்பில் ஒடிந்ததுபோல் இரண்டாகத் தெரிகிறதே, மொத்தச் சோதனையும் அந்த ஒடிவில்தான் இருக்கிறது.

இரண்டாவது, விளிம்பு வரைந்த பிறகு முழங்கை பட்டுப் பாளம் திரும்பிவிடுவது. முகங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே இருப்பதால், பாளம் எப்படித் திரும்பினாலும் வெளிவரும் கதிர் பழைய கதிருக்கு இணையாகத்தான் வரும். சமம் சமமாகவே இருக்கும். கெட்டுப்போவது விலகுகோணம். 45 டிகிரி படுகோணத்துக்குக் கிடைக்க வேண்டியது 28. பாளம் 5 டிகிரி திரும்பிப் படுகோணம் உண்மையில் 50 ஆகிவிட்டால், காகிதத்தில் கிடைப்பது இருபத்து நாலரை. கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் 1.5-க்குப் பதில் 1.7 என்று வரும்.

அதனால் மகனிடம் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். 5 சென்டிமீட்டர் அகலப் பாளம் என்றால், நீள விளிம்பின் நடுவில் கதிரை விடக்கூடாது. 60 டிகிரியில் அது உள்ளுக்குள்ளேயே மூன்றரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து மூலைக்குப் போய்விடும். கதிர் சாயும் திசைக்கு எதிர் முனையிலிருந்து 2 சென்டிமீட்டரில் செங்குத்துக்கோடு போடட்டும். 30, 45, 60 என்று மூன்று கோணம். விலகுகோணம் பத்தொன்பதரை, 28, 35 என்ற அளவில் வர வேண்டும். பக்கவாட்டு இடப்பெயர்ச்சி (வெளிவரும் கதிர் பழைய கதிரின் நேர்கோட்டிலிருந்து தள்ளி நிற்கும் தூரம்) 1.0, 1.6, 2.6 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் சைன் விகிதம் (படுகோணத்தின் சைனை விலகுகோணத்தின் சைனால் வகுத்தால் வரும் ஒளிவிலகல் எண்) 1.5-ஐ ஒட்டி வந்தால் கை சுத்தம்.

விடையைத் தெரிந்துகொண்டு ரீடிங்கை அதற்குப் பொருத்துவது ஒன்றும் நேற்று வந்த வழக்கமில்லை. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியல் அறிஞர் தாலமி, காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஒளிக்கு ஓர் அட்டவணை போட்டார். 10 டிகிரிக்கு 8, 20-க்கு பதினைந்தரை, 30-க்கு இருபத்திரண்டரை... கூடிக்கொண்டே போகும் அளவு ஏழரை, ஏழு, ஆறரை என்று ஒவ்வொரு படியிலும் சரியாக அரை டிகிரி குறைகிறது. அளந்த எண் இவ்வளவு ஒழுங்காக வராது. கடைசி வரியில் 80-க்கு 50 என்று இருக்கிறது, உண்மையில் நாற்பத்தேழரைதான். சைன் விகிதம் என்ற விதியை 1621-இல் டச்சு அறிஞர் ஸ்நெல் கண்டபோது ஏறத்தாழ 1,500 வருஷம் போயிருந்தது.

பிரயோசனம் என்ன என்கிறீர்கள். நீங்கள் மதுரை பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி வழியாக யானைமலையைப் பார்க்கிறீர்களே, அது ஆடாமல் அசையாமல் தெரிவது இதனால்தான். 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் 45 டிகிரி சாய்ந்து பார்த்தாலும் கதிர் நகர்வது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். திசை மாறுவதே இல்லை. பழைய வீட்டு ஜன்னலில் எதிர்வீடு நெளிந்து தெரிந்தால், அந்தக் கண்ணாடியின் இரு முகமும் இணையாக இல்லை என்று பொருள்.

வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கும் நாளில் கதை வேறு. அங்கே ஒளி ஒரு முகத்தில்தான் வளைகிறது. நிமிர்த்திவிட இரண்டாவது முகம் கிடையாது. நேர்மேலிருந்து பார்த்தாலே 4 அடி ஆழம் 3 அடியாகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது இன்னும் குறையும். நீச்சல் தெரியாத பையனைக் கூட்டிப் போனால், தெரிகிற படியை நம்பிக் காலை வைக்க விடாதீர்கள்.