படம் போதாதா, பெயரும் வேண்டுமா?

கேள்வி: கம்ப்யூட்டர் ஐகான்களை 'அருமையான டிசைன்' என்று போன இதழில் புகழ்ந்து தள்ளியிருந்தீர்கள். 'சேவ்' என்று எழுதி வைத்தால் போதாதா? அந்தப் படத்தில் இருக்கும் ஃபிளாப்பியை (பழைய கம்ப்யூட்டர் தகடு) என் மகள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு எதற்கு அந்தப் படம்?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தீப்பெட்டி ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? பெட்டியில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்தா தீப்பெட்டி வாங்கினோம்? மேலே இருக்கும் படத்தைச் சொல்லித்தானே கேட்டோம்!

உங்கள் மகள் அந்தப் படத்தைப் பார்த்துத் தடுமாறுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை, கவனித்தேன். காட்பாடி வழியாக நீராவி எஞ்சின் ஓடி எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் ஆளில்லா ரயில்வே கேட் இருந்த வரை அதன் பலகையில் அந்தப் புகைவண்டிதான். அதைப் பார்த்து, டீசல் எஞ்சின் வராது என்று யாரும் தண்டவாளத்தைத் தாண்டவில்லை.

சத்துவாச்சாரியில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவர். டார்க் ரூமில் பிரிண்ட் போடும்போது வெளிச்சம் அதிகம் பட்டு முகம் கறுத்துவிடாமல் இருக்க, கம்பி முனையில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டி வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டே இருப்பார். ஓரம் வெளிறினால், கையைக் குவித்து அந்த இடைவெளி வழியாக அங்கு மட்டும் வெளிச்சம் விடுவார். பிறகு ஃபோட்டோஷாப் வந்தது. இங்கிலீஷ் மெனு அவருக்குப் பிடிபடவே இல்லை. ஆனால் திரையின் ஓரத்தில் குச்சியோடு ஒரு வட்டம், குவித்த கை ஒன்று. "அட, நம்ம கம்பி! இது நம்ம கை!" என்றார். முகத்தை வெளுப்பாக்க எது, கறுப்பாக்க எது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இப்படிப் படம் வரைகிறவர்களைத்தான் நான் புகழ்கிறேன். 1984-இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு ஐகான் வரைந்த சூசன் கேர் என்ற பெண்மணிக்குக் கிடைத்தது 32-க்கு 32 கட்டம். மொத்தம் 1,024. ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பல்கூடக் கிடையாது. கிராஃப் நோட்டில் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் ஆரம்பித்தார். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களைக் கேளுங்கள், ஒரு புள்ளி பிசகினால் என்ன ஆகும் என்று சொல்வார்கள்.

சரி, உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இப்போது போனில் வரும் ஐகான்கள், பொங்கலுக்கு ஒரே பீஸ் துணியில் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சட்டை தைத்த மாதிரி இருக்கின்றன. கூகுளின் மெயில், காலண்டர், மேப் எல்லாவற்றுக்கும் அதே நாலு கலர். மெயிலைத் திறப்பதாக நினைத்து மேப்பைத் திறந்துகொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்! பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று தெரியாவிட்டால் அது ஐகான் இல்லை, வெறும் பொட்டு.

படத்துக்குக் கீழே பெயரையும் போடச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். படத்தையே எடுக்கச் சொன்னால் மாட்டேன்.