அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய ஆசிரியர்களில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்? ஏன்?

யோசெஃப் ஆல்பெர்ஸ்.

ஐன்ஸ்டைன் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் பிரின்ஸ்டனில் அவர் இருந்த ஆய்வு நிறுவனத்தில் பாடம் நடத்தும் கடமையே அவருக்குக் கிடையாது. ஆல்பெர்ஸ் அப்படியில்லை, முழுக்க வகுப்பறை மனிதர். உலகம் அவரை ஓவியர் என்கிறது. எனக்கென்னவோ ஓவியங்களைவிட அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சிகள்தான் பெரிய சாதனை.

1888-ல் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில், பாட்ராப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், இன்னும் பல கைவேலைகள் தெரிந்தவர். கதவுக்கு அடிக்கும்போது நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வர வேண்டும், அப்போதுதான் வழிகிற பெயின்ட்டைப் பிடிக்கலாம், சட்டைக் கையும் அழுக்காகாது என்று அவர் சொல்லிக்கொடுத்ததை மகன் கடைசிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்த ஓவியங்களையும் நடுவிலிருந்தே தீட்டினார்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1920-ல், 32 வயதில், வைமர் நகரில் புதிதாகத் தொடங்கியிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவனாகப் போய்ச் சேர்ந்தார். பெயின்ட் வாங்கக் காசில்லை. ஊர்க் குப்பைமேட்டில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வந்து படம் செய்தார். 1923-ல் அதே பள்ளியில் அவரையே முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள்.

அந்த வகுப்பைப் பற்றி ஒரு மாணவர் எழுதி வைத்த சம்பவம் இது. ஆல்பெர்ஸ் ஒரு கட்டு செய்தித்தாளோடு உள்ளே வருகிறார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, இதை வைத்து ஏதாவது செய்யுங்கள், காகிதத்தை வீணாக்கக் கூடாது, முடிந்தவரை கத்தரி, பசை இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் கோட்டை, விமானம், முகமூடி என்று விதவிதமாக நிற்கின்றன. எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். ஆல்பெர்ஸ் அதைத்தான் பாராட்டினார். கோட்டையைக் கல்லில் இன்னும் நன்றாகக் கட்டலாமே! தொய்ந்து கிடக்கும் தாள் மடித்ததும் எழுந்து நிற்கிறது, இரண்டு பக்கமும் தெரிகிறது. அது காகிதத்தால் மட்டுமே ஆகிற காரியம்.

1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் மூடப்பட்டது. மனைவி அன்னி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் இனி இருக்க முடியாது என்ற நிலையில், நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்திலிருந்த பிலிப் ஜான்சன் வழியாக ஓர் அழைப்பு வந்தது. வட கரோலினாவில் மலைப்பகுதியில், அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்த பிளாக் மவுன்டன் கல்லூரி. ஆல்பெர்ஸுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது, அன்னிதான் மொழிபெயர்த்தார். இங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டபோது, கண்களைத் திறக்கப்போகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாராம்.

அந்தக் கல்லூரி ஒரு விசித்திரம். ஆசிரியர்களே நிர்வாகிகள், சம்பளம் சொற்பம். மாணவர்கள் பண்ணையில் வேலை செய்தார்கள், பின்னாளில் வகுப்புக் கட்டடத்தையே தாங்களாகக் கட்டினார்கள். இவ்வளவு சுதந்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்தவர், மகா கண்டிப்பான ஜெர்மானிய வாத்தியார்! உள்ளத்து உணர்ச்சியைக் கொட்டுகிறேன் என்று யாராவது வந்தால் அவருக்குப் பிடிக்காது. முதலில் பார்க்கக் கற்றுக்கொள் என்பார். அங்கே படித்து, பின்னாளில் பெரிய ஓவியரான ராபர்ட் ராஷன்பெர்க், ஆல்பெர்ஸ் அருமையான ஆசிரியர், ஆனால் சமாளிக்கவே முடியாத மனிதர் என்று பின்னால் சொன்னார். தனக்குக் கிடைத்த ஆசிரியர்களில் அவரே முக்கியமானவர் என்றும் சொன்னார்.

வண்ண வகுப்பில் பெயின்ட் கிடையாது. கலந்து கலந்து நேரம் போகும், ஒரு தடவை வந்த நிறம் மறுபடி அப்படியே வராது. அதனால் வண்ணக் காகிதத் துண்டுகள், சில சமயம் உதிர்ந்த இலைகள். ஒரே நிறத்தில் இரண்டு சிறு துண்டுகள் வெட்டு, அவை இரண்டு வேறு நிறங்களாகத் தெரியும்படி பின்னணிகளைக் கண்டுபிடி என்பது ஒரு பயிற்சி. கேட்க எளிது, செய்தால்தான் தெரியும். நான் அச்சு வடிவமைப்பு வேலை பார்க்கிறவன். நீலப் பட்டையின் மேல் வைத்த சாம்பல் ஏன் மஞ்சளடித்துத் தெரிகிறது என்று வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் ஆல்பெர்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். மை மாறவில்லை ஐயா, பக்கத்து நிறம்தான் மாற்றுகிறது என்றால் யார் நம்புகிறார்கள்? இரண்டு துண்டையும் வெட்டி ஒட்டிக் காட்டினால்தான் நம்புகிறார்கள். ஆல்பெர்ஸின் முறையும் அதுதான், கோட்பாடு கடைசியில், கண்ணால் பார்ப்பது முதலில்.

அவருடைய மாணவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரூத் அசாவா. கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அந்தக் குடும்பத்தை முகாமில் அடைத்தது. வெளியே வந்து மில்வாக்கியில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தார், ஆனால் ஜப்பானிய வம்சம் என்பதால் பள்ளியில் பயிற்சி வகுப்பெடுக்க விடவில்லை, பட்டமும் கிடைக்கவில்லை. 1946-ல் பிளாக் மவுன்டனுக்கு வந்தார். ஜெர்மனி வேண்டாமென்று விரட்டியவரிடம், அமெரிக்கா வேலியடைத்து வைத்திருந்த பெண் பாடம் படித்தார். பின்பு மெக்சிகோவில் கூடை முடைவோரிடம் கற்ற கண்ணிப் பின்னலை வைத்து, கம்பியில் உள்ளே இருப்பதும் வெளியே தெரிகிற சிற்பங்கள் செய்தார். ஆல்பெர்ஸின் சதுரங்களுக்கும் அவற்றுக்கும் துளி ஒற்றுமை கிடையாது. ஆனால் பொருளின் இயல்பை மதிக்கிற புத்தி அந்தச் செய்தித்தாள் வகுப்பிலிருந்து அப்படியே வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளிகளில் மாவு, உப்பு, தண்ணீர் பிசைந்த களிமண்ணில் அவர் குழந்தைகளுக்குச் சிற்பம் கற்றுக்கொடுத்தார். அங்கே அரசு கலைப்பள்ளி ஒன்று இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

ஆல்பெர்ஸ் 1949-ல் பிளாக் மவுன்டனைவிட்டு விலகி, 1950 முதல் 1958 வரை யேல் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புத் துறைத் தலைவராக இருந்தார். சதுர ஓவியங்களை 62 வயதில்தான் தொடங்கினார். 1971-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. உயிரோடிருக்கும் ஓவியருக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 1976-ல் காலமானார்.

வண்ணப் பயிற்சிகளைத் தொகுத்து 1963-ல் அவர் வெளியிட்ட ‘Interaction of Color’ என்ற புத்தகத்தை மாணவர்களுக்கே நன்றியாகச் சமர்ப்பித்திருக்கிறார். முதல் பதிப்பு பெட்டியில் அடைத்த பெரிய வண்ணத் தாள்களோடு வந்தது, நம் கைக்கு எட்டாது. மலிவுப் பதிப்பு கிடைக்கும், படங்கள் குறைவு, பரவாயில்லை. ஆனால் அதைச் சும்மா வாசித்துக்கொண்டு போனால் சலிப்பாக இருக்கும். வண்ணக் காகிதமும் கத்தரியும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.