எஸ்.வி.டி.யா, 360-ஆ?
(மேடை ஒலி: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். அம்பெக் எஸ்.வி.டி., அக்கூஸ்டிக் 360 என்ற இரண்டு பழைய ஆம்ப்களை (கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் கருவிகள்) ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்தேன். செல்போனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. ஒன்று வால்வு, இன்னொன்று டிரான்சிஸ்டர், அதனால்தான் வித்தியாசம் என்கிறார்கள். நிஜமாகவே வித்தியாசம் உண்டா, இல்லை பெருசுகள் கட்டிவிட்ட கதையா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அந்தப் பெருசுகளில் நானும் ஒருவன்தான். வித்தியாசம் உண்டு தம்பி, நிறையவே உண்டு. ஆனால் செல்போனில் அது தெரியாது. பேஸின் தடித்த ஈ தந்தி அதிர்வது 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை. போனுக்குள் இருக்கும் பொடி ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. மேலே அடுக்கடுக்காக வரும் மடங்கு ஒலிகளை வைத்து, அடியில் இருப்பதை மூளை ஊகித்துக்கொள்கிறது. இரண்டு ஆம்புக்கும் ஒரே ஊகம்தான்.

பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடி வால்வா, பின்னால் வந்த டிரான்சிஸ்டரா என்ற சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். எஸ்.வி.டி. 1969-இல் வந்தது. 14 வால்வு, 300 வாட். அந்த வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இதன் முன்மாதிரிகளைத்தான் மேடையேற்றினார்கள். 360 அதற்குச் சற்று முன்னால் வந்த 200 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். 300-க்கும் 200-க்கும் பெரிய இடைவெளி என்று தோன்றும், ஆனால் ஒலி அளவில் அது 2 டெசிபெல் கூடத் தேறாது. சத்தமாக முடுக்கும்போது எஸ்.வி.டி.யின் வால்வுகள் மெல்ல மெல்லக் கரகரக்கும், அந்த ருசி எனக்கு மிகவும் பிடிக்கும். அளவாக வைத்து வாசித்தால் அந்தக் கரகரப்பும் அடங்கிவிடும். அப்போதும் இரண்டும் வேறு வேறாகத்தான் கேட்கும். காரணம், ஸ்பீக்கர் பெட்டி.

எஸ்.வி.டி.யின் பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. முழுக்க மூடிய பெட்டி, நாலடி உயரம். மேல்வரிசை ஸ்பீக்கர்கள் உங்கள் காதுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும், அதனால் விரல் தந்தியைத் தட்டுவதுகூடக் கேட்கும். இத்தனை பெரிய பெட்டியாச்சே, அடி ஒலியெல்லாம் அள்ளிக் கொடுக்கும் என்று நினைப்பார்கள். இல்லை. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் இந்த வகைப் பெட்டியின் சத்தம் குறைய ஆரம்பித்துவிடும். நெஞ்சில் வந்து மோதும் அந்தக் குத்து பெரும்பாலும் 80-க்கு மேலே இருக்கும் சமாச்சாரம்.

360-இல் 18 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதுவும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒலி பெட்டிக்குள் மடிந்து வளைந்துதான் முன்னால் வரும். ஆங்கிலத்தில் போல்டட் ஹார்ன் என்பார்கள். திருவிழாவுக்குக் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் உள்ளே மடித்த ஹார்ன்தான். அது குரலுக்கு, இது பேஸுக்கு. இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று வாசிப்பவருக்குத் தன் சத்தம் சரியாகக் கேட்காது, கடைசி வரிசையில் இருப்பவருக்கு வயிறு அதிரும். வாசிப்பவர் கேட்கவில்லையே என்று ஏற்றிவிடுவார், மிக்ஸரில் இருப்பவர் தலையில் கை வைப்பார். எனக்கும் இப்படி நடந்திருக்கிறது.

இதற்கு ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது: 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல், அவ்வளவு தூரம் போனால்தான் அலை 'உருவாகும்' என்று. தப்பு. அப்படியென்றால் காதில் மாட்டும் ஹெட்போனில் பேஸே கேட்கக்கூடாதே! ஒலியின் கூர்மையான மேல்பகுதி அந்த மடிப்புகளில் தேய்ந்துபோகிறது, மீதியும் உங்கள் முழங்கால் பக்கம் போய்விடுகிறது. காதுக்குத் தெளிவு தருவது அந்த மேல்பகுதிதான். கீழ்ப்பகுதிக்குத் தரையும் சுவரும் வேறு கைகொடுக்கின்றன, அதனால் தூரத்தில் கனம் கூடுகிறது.

பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் மேடையில் வைத்திருந்தது 360தான். அவர் பிரிட்ஜ் (தந்திகள் முடியும் இடம்) பக்கத்துப் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) வாசித்த நடுத்தர ஒலிக்கு அதன் கனம் துணை நின்றது என்பது என் கணிப்பு.

எந்த இரண்டு ஆம்பை ஒப்பிட்டாலும் இப்படிச் செய்யுங்கள். லூப் பெடலில் (பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) ஒரு துண்டை வாசித்துப் பதிந்து, அதையே இரண்டிலும் விடுங்கள். நேரே வாசித்தால், ஆம்புக்குத் தகுந்த மாதிரி விரலும் தன்னையறியாமல் மாறிவிடும். சத்தத்தைச் சமமாக்குங்கள், கொஞ்சம் சத்தமான ஆம்ப்தான் எப்போதும் நல்ல ஆம்பாகக் கேட்கும். ஒலிமானியில் அளப்பதாக இருந்தால் 'சி' அளவையில் வையுங்கள். 'ஏ'-யில் வைத்தால் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல் போல அது கழித்துவிடும். அப்புறம் டிரம்ஸ்காரரையும் கூட வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் போய்க் கடைசி வரிசையில் நில்லுங்கள். தனியாக இனித்த பேஸ் பாதி நேரம் அங்கே காணாமல் போயிருக்கும்.

எனக்கு எது என்றால் எஸ்.வி.டி. தான். வாசிப்பவனுக்குத் தன் சத்தம் கேட்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். தூக்கத்தான் ஆள் வேண்டும். ஹெட் (ஸ்பீக்கர் பெட்டி சேராத ஆம்ப்) மட்டும் 38 கிலோ சொச்சம், பெட்டி 60-க்கு மேல்.

கேள்வி: எஸ்.வி.டி.யில் 'அல்ட்ரா லோ' சுவிட்சைப் போட்டால் வீட்டில் பிரமாதமாக இருக்கிறது. கச்சேரியில் எடுபடவில்லையே?
– வாசகர், திருச்சி

பதில்: பெயரில்தான் 'லோ'. அது செய்யும் முக்கிய வேலை 500, 600 ஹெர்ட்ஸ் பக்கம் நடுப்பகுதியைக் குழித்துவிடுவது. கீபோர்டும் கிடாரும் சேர்ந்ததும் அந்தக் குழியில் உங்கள் பேஸ் விழுந்துவிடுகிறது. கச்சேரியில் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பதிவுக்காக, ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பின் ஹெட்டை மட்டும் போட்டு வாசிக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். ஸ்பீக்கரோ, அதற்கு ஈடான லோட் பாக்ஸோ மாட்டிய பிறகுதான் வாசிக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்புக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.