கட்டி தெரிஞ்ச நாளுக்கும் ஆஸ்பத்திரி போற நாளுக்கும் நடுவுல

கேள்வி: அக்கா, என் பொண்ணு அட்லாண்டாவுல நர்ஸா இருக்கா. அங்க மார்பக கேன்சர்ல வெள்ளைக்காரப் பெண்களைவிட கறுப்பினப் பெண்கள்தான் அதிகமா சாகறாங்களாம். அவ்ளோ பணக்கார நாட்டுலயே ஏன் இப்படி? எங்க மகளிர் குழுவுல பாதிப்பேர் பீடி சுத்தறவங்க, நாங்க ஏதாச்சும் பண்ண முடியுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: பொண்ணு சொன்னது நெஜம்தாம்மா. அங்க கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் வர்றது கொஞ்சம் கம்மிதான், ஆனா சாவு சுமார் 40 சதவீதம் அதிகம். ட்ரிபிள் நெகட்டிவ்னு ஒரு பொல்லாத வகை அவங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வருது, சரி, ஆனா பழியை மொத்தமா அது மேல போட்டுட முடியாது, இன்சூரன்ஸ் இல்ல, வேலையில லீவு இல்ல, வலிக்குதுன்னு சொன்னா காதுல வாங்க ஆளில்ல, இப்படியே மாசக்கணக்கா தள்ளிப்போயிடுது.

நியூயார்க்ல ஹார்லெம்னு கறுப்பின மக்கள் நிறைய வாழற பகுதி. 1964லேர்ந்து 1986 வரைக்கும் அங்க இருக்கற ஆஸ்பத்திரிக்கு மார்பக கேன்சரோட வந்தவங்கள்ல 5 வருஷம் தாண்டினவங்க 39 சதவீதம்தான், ஏறக்குறைய பாதிப்பேர் முத்தினப்புறம்தான் வந்திருக்காங்க. ஹரோல்ட் ஃப்ரீமேன்னு ஒரு சர்ஜன் செலவில்லாம மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வழி பண்ணிட்டு, 1990ல பேஷன்ட்டுக்குத் துணையா ஆளும் போட்டார். ஃபாரம் எழுதிக் குடுக்கறது, டெஸ்ட்டுக்கு தேதி வாங்கறது, வரலைன்னா தேடிப்போய் கேக்கறது, அவ்ளோதான் வேலை, ஊசி போடறதுகூட இல்ல. 1995-2000ல வந்தவங்கள்ல அந்த 39, 70 ஆயிடுச்சு! ஆர்கன்சாஸ்னு இன்னொரு அமெரிக்க மாநிலத்துல வேற மாதிரி, கேன்சர்லேர்ந்து மீண்ட பெண்களே சர்ச்சுல எழுந்து நின்னு தன் கதையைச் சொன்னாங்க.

நம்ம பக்கமும் இது புதுசில்ல, வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா உங்க குடியாத்தம் ரோட்டுலதானே வண்டிய நிறுத்தி மரத்தடியில வைத்தியம் பார்த்தாங்க. திண்டுக்கல் மாவட்டத்துல கர்ப்பப்பை வாய் கேன்சரைக் கண்டுபிடிக்க, 30லேர்ந்து 59 வயசு பெண்களுக்கு நர்ஸுங்களே வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, ஒரு நிமிஷம் கழிச்சு கர்ப்பப்பை வாய்ல வெள்ளையா மாறுதான்னு பார்த்தாங்க, முடிஞ்சவங்களுக்கு அன்னிக்கே சிகிச்சையும் குடுத்தாங்க. "அடுத்த வாரம் வாம்மா"ன்னு அனுப்பினா எத்தனை பேர் திரும்பி வருவாங்க சொல்லுங்க? 2007ல வந்த முடிவுப்படி அந்த கேன்சர் சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு.

அதனால நீங்க கேம்ப் போட்டு போட்டோ எடுக்கறதைவிட, குழுவுல ரெண்டு பேரை இதுக்குன்னே வையுங்க. 30 தாண்டினவங்களுக்கு அரசு ஆஸ்பத்திரில மார்பக, கர்ப்பப்பை வாய் பரிசோதனை இலவசம்தான். ஆனா மடியில முறத்தை வச்சுக்கிட்டு ஆயிரம் பீடி கணக்கு பார்க்கறவங்க, "கட்டி வலிக்கலியே, இருக்கட்டும்"னுதான் சொல்வாங்க. (வலிக்காத கட்டியைத்தான் முதல்ல காட்டணும், இதை நாலு தடவை சொல்லுங்க.) அடுக்கம்பாறையில இருக்கற வேலூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தா காப்பீட்டு அட்டை, ஆதார் எல்லாம் முந்தின நாளே எடுத்து வச்சு கூடவே பஸ் ஏறுங்க, அன்னிக்கு அவங்க முறத்துல இருக்கற இலையை மத்தவங்க பிரிச்சு சுத்திக் குடுத்துடட்டும், கூலி போயிடுமேன்னுதான் பாதிப்பேர் வர மாட்டேங்கறாங்க.