நல்ல கட்டுரை எது என்று மாணவர்களே கண்டுபிடிக்கப் பழக்குவது எப்படி?

பத்தாம் வகுப்பில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் நல்ல கட்டுரையையும் சுமாரானதையும் மாணவர்களுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விதிகளைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் இரண்டு கட்டுரைகளை அருகருகே கொடுங்கள்.

ஒரே தலைப்பு, ஒரு பக்க அளவு, பெயர் இல்லாமல், தட்டச்சு செய்தது. கையெழுத்துப் பிரதி கொடுத்தால் முத்து முத்தான எழுத்தும் அடிக்கோடிட்ட உட்தலைப்பும்தான் ஜெயிக்கும். மிக நல்லதையும் படுமோசமானதையும் சேர்த்து வைத்தால் யோசிக்க வேலையே இருக்காது. ஒன்று அடுக்குமொழியும் மேற்கோளும் நிரம்பி உள்ளே விஷயமில்லாததாகவும், மற்றது எளிய நடையில் சான்றோடு எழுதியதாகவும் இருக்கட்டும். பலர் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். உடனே திருத்தாதீர்கள். “எந்த வரியைப் படித்து இப்படி முடிவு செய்தாய்?” என்று மட்டும் கேளுங்கள். வரியைக் காட்ட முடியாமல் தடுமாறும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

அடுத்து, சொல்லை மாற்றிப் பார்க்கும் சோதனை. “நீர் இன்றியமையாதது, அதைக் காப்பது நம் கடமை” என்ற வரியில் நீருக்குப் பதில் மரம் என்று போட்டாலும் வரி அப்படியே நிற்கும். “2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது, ஒரு ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர்” என்பதில் மரத்தை நுழைக்க முடியாது. இதை மாணவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இதோடு நிறுத்தினால், எண் இருந்தாலே நல்ல கட்டுரை என்று நினைத்துவிடுவார்கள். அதனால், அதற்கடுத்த வரி அந்தத் தகவலை வைத்து என்ன செய்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏரிகள் உள்ள நகரத்துக்கு வெளியூர்த் தண்ணீர் ஏன் தேவைப்பட்டது என்று கட்டுரை நகர்ந்தால் அது சான்று. நகராவிட்டால் வெறும் தகவல். குறளை மேற்கோள் காட்டினாலும் இதே அளவுகோல்தான்.

கருத்துகள் ஒன்றையொன்று தொடர்ந்து கோவையாக வருகின்றனவா என்று பார்க்க, பத்திகளைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்து, மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். எப்படி அடுக்கினாலும் பொருந்துகிறது என்றால் எழுதியவர் வரிசையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் கடைசியில். முதல் நாளே அதில் இறங்கினால், பிழை தேடுவதுதான் மதிப்பீடு என்று ஆகிவிடும்.

இப்படி இரண்டு மூன்று ஜோடிக் கட்டுரைகள் முடிந்ததும், அவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் சொற்களிலேயே கரும்பலகையில் எழுதுங்கள்; நான்கைந்து போதும். பிறகு அவரவர் பழைய கட்டுரையை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு முந்தையது நல்லது. நேற்று எழுதியதில் விட்டுப்போனதை மனசே நிரப்பிக்கொள்ளும். அதில் ஒரே ஒரு பத்தியை மட்டும் மாற்றி எழுதட்டும். முழுக் கட்டுரையையும் திருத்தச் சொன்னால் அழகாகப் படியெடுத்துத் தந்துவிடுவார்கள்.